ஆபரேஷன் முடிஞ்சாச்சு... இனி அவரை நடக்க விடுங்க!

போன மாசம் ஒரு சனிக்கிழமை காலை. கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் என் வைத்தியசாலைக்கு வந்தார்கள். அவருக்கு அறுபத்தாறு வயசு. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால், கையில் இருந்த துண்டை நாலாக மடித்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். எதற்காக என்று எனக்குப் புரிந்துவிட்டது. கேட்கவில்லை.

பேசியது முழுக்க அந்த அம்மாதான்.

"இவுகளுக்குப் புராஸ்டேட் ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டரை மாசம் ஆச்சு ஐயா. இன்னும் தேறலை. ஆளு அப்படியே ஒடுங்கிப் போனாக. தெம்புக்கு ஏதாச்சும் லேகியம் குடுங்க."

"நடக்கிறாரா?"

"நடக்கவா? நான் விடுவனா! காபி, சாப்பாடு எல்லாம் கட்டிலுக்கே கொண்டு போயிருதேன். கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிடுதேன்."

நான் அவர் பக்கம் திரும்பினேன். "ஆபரேஷனுக்கு முந்தி எப்படி சார்?"

"தினமும் காலையில அஞ்சரைக்கு வ.உ.சி. மைதானத்துல நடப்பேன் ஐயா. ஒரு நாள் தப்பாது" என்றார் மெல்ல. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

"லேகியம் கிடையாதும்மா. இவருக்கு வேண்டியது அந்த மைதானம்தான்" என்றேன். அந்த அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்புகிறானே இந்த வைத்தியன் என்று நினைத்திருப்பார். ஆனால் நான் அப்படிச் சொன்னதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அது என் சொந்த வீட்டுக் கதை. நான் செய்த தப்பின் கதை. பன்னிரண்டு வருஷமாக வெளியில் சொல்லாமல் வைத்திருந்தேன். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் கால் வீங்கிய கதை

என் அண்ணன் உடற்கல்வி ஆசிரியர். எங்கள் ஊர்ப்பக்கம் 'டிரில் மாஸ்டர்' என்றால்தான் தெரியும். எனக்கும் அவருக்கும் பன்னிரண்டு வயசு வித்தியாசம். 2013-ல், அவர் ஓய்வு பெற்ற அதே வருஷம், சிறுநீர் அடைத்துக்கொண்டு புராஸ்டேட் ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்து நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். முழுக்க இங்கிலீஷ். அதில் 'நடக்க வேண்டும்' என்று ஒரு வரி இருந்தது.

நான் அதைப் படித்தேன். படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். "அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க மதினி. உள்ளுக்குள்ள புண்ணு. ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், அண்ணன் கட்டிலை விட்டு இறங்கப்படாது" என்றேன். கொழுந்தன் வைத்தியர் சொல்லிவிட்டாரே! மதினி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். குளியலறைக்குப் போவதைத் தவிர அண்ணன் தரையில் கால் வைக்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் இடது கெண்டைக்காலில் வலி என்றார். கொஞ்சம் வீக்கமும் இருந்தது. 'படுத்தே கிடக்கிறதால வாயு இறங்கியிருக்கு' என்று நான் முடிவு கட்டி, தைலம் கொடுத்தனுப்பி நன்றாகத் தேய்த்துவிடச் சொன்னேன். மதினி இரண்டு நாள் தேய்த்தார்கள். மூன்றாம் நாள் விடியற்காலை அண்ணனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். கார் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

காலில் ரத்தம் உறைந்து, அதில் ஒரு துணுக்கு நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார்கள். அன்றைக்குப் பணியில் இருந்த டாக்டர் என் மகள் வயசுப் பெண். வீங்கிய காலில் எண்ணெய்ப் பிசுக்கைப் பார்த்துவிட்டு, "இதை யாரு தேய்க்கச் சொன்னது?" என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். வாய் வரவில்லை. மதினி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "நாங்களாத்தான் தேய்ச்சோம்மா" என்றார்கள்.

அண்ணன் பிழைத்துக்கொண்டார். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பினார். ஆனால் மதினி எனக்காகச் சொன்ன அந்தப் பொய், இன்றைக்கும் என் காதில் கேட்கிறது.

படுக்கை மருந்தா?

நம்ம வீடுகளில் ஆபரேஷன் என்றாலே படுக்கை. பிரசவமானாலும் படுக்கை, குடலிறக்க ஆபரேஷன் ஆனாலும் படுக்கை. படுக்க வைத்துப் பணிவிடை செய்வதுதான் பாசம் என்று நினைக்கிறோம். நான் சொல்கிறேன், புராஸ்டேட் ஆபரேஷன் ஆன மனிதருக்கு அது பாசம் இல்லை. பயம்!

கெண்டைக்கால் சதை இருக்கிறதே, அது ஒரு பம்பு மாதிரி. நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் அது சுருங்கி, காலில் இருக்கிற ரத்தத்தை மேலே இதயத்துக்குத் தள்ளுகிறது. நாள் கணக்கில் அசையாமல் கிடந்தால் ரத்தம் காலிலேயே தேங்கும். தேங்கினால் உறையும். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வாரங்களில் உடம்புக்கு ரத்தத்தை உறைய வைக்கிற சுபாவமும் கூடியிருக்கும். அதனால்தான் ஆபரேஷன் முடிந்த மறுநாளே எழுந்து நடக்கச் சொல்கிறார்கள். உறைந்த காலைத் தேய்த்துவிட்டால் துணுக்கு பிரிந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு. நான் செய்தது அதுதான்.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் 1980-களில் படித்தவன் நான். கீழ்நோக்கிச் செல்லும் அபான வாயுதான் மலம், சிறுநீரைத் தள்ளுகிறது என்பது எங்களுக்குப் பாலபாடம். அந்த அபானன் ஒழுங்காக வேலை செய்ய உடம்புக்கு அசைவு வேண்டும் என்பதையும் படித்தேன். படித்ததை என் அண்ணனுக்குப் பயன்படுத்தவில்லை. பாசம் கண்ணை மறைத்துவிட்டது.

எந்த ஆபரேஷன்?

மேலே போவதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். சிறுநீர்ப் பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கும் சின்னச் சுரப்பிதான் புராஸ்டேட். இளவயதில் சுமார் 20 கிராம் எடைதான். வயசு ஏற ஏற வீங்குவது பலருக்கும் இயல்பு. அறுபது வயசில் பாதிப் பேருக்காவது இந்த வீக்கம் இருக்கும்.

இந்தச் சாதாரண வீக்கத்துக்குப் பெரும்பாலும் வெளியில் கத்தி வைப்பதில்லை. சிறுநீர் வரும் வழியாகவே கருவியை விட்டு, அடைத்திருக்கும் சதையை உள்ளிருந்து செதுக்கி எடுக்கிறார்கள். வயிற்றில் தையல் இருக்காது. ஆனால் உள்ளே புண் உண்டு. அது ஆற ஏறக்குறைய ஆறு வாரம் பிடிக்கும்.

இரண்டாவது வகை, புற்றுநோய்க்காகச் சுரப்பியை முழுசாக எடுப்பது. அது பெரிய ஆபரேஷன். வயிற்றிலும் காயம் இருக்கும். யூரின் டியூப் ஒன்றிரண்டு வாரம் இருக்கும். தேறவும் கூடுதல் காலம் ஆகும்.

உங்கள் வீட்டுப் பெரியவருக்கு நடந்தது எது என்று உங்களுக்குத் தெரியுமா? பலருக்குத் தெரியாது! டிஸ்சார்ஜ் ஆகும்போது கொடுக்கிற தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல என்ன எழுதியிருக்கு, தமிழ்ல சொல்லுங்க டாக்டர்" என்று கேளுங்கள். வெட்கப்படாதீர்கள். அது உங்கள் உரிமை. செதுக்கி எடுத்த சதையைச் சோதனைக்கு அனுப்பியிருந்தால் அந்த முடிவையும் மறக்காமல் வாங்கிப் பாருங்கள்.

ஆறு வாரக் கணக்கு

இனி, நடைமுறைக்கு வருவோம். நான் சொல்லப்போவது உள்வழியாகச் செய்த சாதாரண ஆபரேஷனுக்கான கணக்கு. உங்கள் சர்ஜன் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னதுதான் சரி.

முதல் வாரம் வீட்டுக்குள் நடை. ஹாலில் இருந்து வாசல், வாசலில் இருந்து கொல்லை. ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷம் போதும். ஆனால் நாளைக்கு ஐந்தாறு தடவை நடக்க வேண்டும். டி.வி. பார்க்கும்போதுகூட விளம்பரம் வந்தால் எழுந்து நாலு நடை நடக்கலாம். உட்கார்ந்திருக்கும்போது கணுக்காலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருங்கள்.

இரண்டாவது, மூன்றாவது வாரம் தெருவில் இறங்கலாம். பத்து, பதினைந்து நிமிஷம், சமதரையில். நாலாவது வாரத்துக்குப் பிறகு அரை மணி நேரம். பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்று பாருங்கள். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். ஆறு வாரம் முடிந்து, சர்ஜனும் பார்த்துச் சரி என்றால் பழைய நடை, யோகாசனம், தோட்ட வேலை எல்லாவற்றுக்கும் திரும்பலாம். ஒரே நாளில் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக.

செய்யக் கூடாதது மூன்றே மூன்றுதான். அதை மட்டும் கறாராகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, கனம் தூக்குவது. ஐந்து கிலோவுக்கு மேல் எதுவும் வேண்டாம். நிறைகுடத் தண்ணீர் பதினைந்து கிலோ. நிறைந்த கேஸ் சிலிண்டர் ஏறக்குறைய முப்பது கிலோ. 'இதோ இங்க இருந்து அங்கதானே' என்று நகர்த்தப் போய் ரத்தம் கொட்டி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பேரப்பிள்ளை ஓடி வந்து "தாத்தா தூக்கு" என்றால், உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, சைக்கிளும் டூவீலரும். சைக்கிள் சீட் அழுத்துவது சரியாகப் புண் இருக்கும் இடத்துக்குக் கீழேதான். நம்ம ஊர் ரோட்டில் ஸ்பீடு பிரேக்கரில் ஒரு தடவை தூக்கிப் போட்டால் போதும். ஆறு வாரம் சாவியை எடுத்து ஒளித்து வையுங்கள். வீட்டுக்காரம்மாவின் கண்டிப்பை இங்கே காட்டலாம்!

மூன்று, முக்கி மலம் கழிப்பது. இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. ஒரு தடவை முக்குவது, ஒரு மூட்டை தூக்குவதற்குச் சமம். ஆறு வாரத்துக்கு வெஸ்டர்ன் டாய்லெட் நல்லது. காலுக்குக் கீழே ஒரு சின்ன முக்காலி வைத்துக்கொண்டால் முக்காமலே இறங்கும்.

ஒரு முன்னெச்சரிக்கை. பத்தாவது நாளில் இருந்து பதினாலாவது நாளுக்குள் திடீரென்று சிறுநீர் சிவப்பாகப் போகலாம். உள்ளே புண்ணின் பொருக்கு உதிரும் நேரம் அது. 'நேத்து நடந்ததாலதான்' என்று சொல்லி மறுபடி கட்டிலில் தள்ளிவிடாதீர்கள். தண்ணீரைக் கூட்டிக் குடித்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் தெளிந்துவிடும்.

அடுக்களையில் என்ன செய்யலாம்?

பத்தியம் என்ற பெயரில் ரசம் சாதமும் சுட்ட அப்பளமுமாகக் கொடுத்து மலத்தைக் கட்ட வைக்கிறார்கள். வேண்டவே வேண்டாம்! சுரைக்காய், பீர்க்கங்காய், வாழைத்தண்டு, கீரை, அவரைக்காய், பாசிப்பயறு, கொய்யா, வாழைப்பழம் எல்லாம் தாராளமாகக் கொடுங்கள். பகலில் நீர்மோர், பார்லிக் கஞ்சி. சர்க்கரை நோய் இருந்தால் பழத்தின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால்தான் புண் சீக்கிரம் ஆறும்.

தண்ணீர் நாளைக்கு இரண்டு முதல் இரண்டரை லிட்டர். அதில் பெரும்பங்கை மாலை ஆறு மணிக்குள் குடித்துவிட்டால் ராத்திரி அடிக்கடி எழ வேண்டாம். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும். காபி, டீ பையைக் கிளறிவிடும். நாளைக்கு ஒன்றோ இரண்டோ போதும்.

துண்டு போட்டு உட்கார்ந்தவர்

இனி, யாரும் பேசாத விஷயத்துக்கு வருகிறேன். என் வைத்தியசாலைக்கு வந்த அந்தப் பெரியவர் ஏன் ஒடுங்கிப் போனார்? புண்ணாலா? இல்லை. இருமினால், தும்மினால், நாற்காலியை விட்டு எழுந்தால் இரண்டு சொட்டுச் சிறுநீர் தன்னையறியாமல் இறங்குகிறது. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. தன் வேட்டியைத் தானே குளியலறையில் அலசிப் போட்டிருக்கிறார். 'நாத்தம் வருமோ' என்று கல்யாண வீட்டுக்குப் போகவில்லை, கோயிலுக்குப் போகவில்லை. மனைவி படுக்கச் சொன்னது அவருக்கு ஒரு வகையில் வசதியாகவும் போய்விட்டது. படுத்துக்கொண்டால் யாருக்கும் தெரியாதே! அந்த அம்மா வெளியே மருந்துச் சீட்டோடு போன நேரத்தில்தான் இதையெல்லாம் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது. நாற்பது வருஷம் அடுத்தவர் பணத்தைப் பைசா பிசகாமல் கணக்குப் பார்த்த மனிதர்!

அன்பர்களே, இது அவமானம் இல்லை. புராஸ்டேட் இருந்தவரை சிறுநீரைப் பிடித்து வைக்க அதுவும் ஒரு தடுப்பாக இருந்தது. அது போனதும், கீழே இருக்கிற தசை ஒற்றை ஆளாக அந்த வேலையைச் செய்யப் பழக வேண்டும். சாதாரண ஆபரேஷனுக்குப் பிறகு இந்த அவசரமும் கசிவும் பலருக்குச் சில வாரங்களில், சிலருக்குச் சில மாசங்களில் அடங்கிவிடும். புற்றுக்காக முழுச் சுரப்பியையும் எடுத்தவர்களுக்குக் கசிவு கூடுதலாக இருக்கும். அவர்களிலும் பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருஷத்துக்குள் நன்றாகக் குறைகிறது.

அந்தத் தசைக்குப் பயிற்சி உண்டு. அமெரிக்காவில் ஆர்னால்டு கெகல் என்ற மகப்பேறு மருத்துவர் பிரசவித்த பெண்களுக்காக 1948-ல் எழுதி வைத்த பயிற்சி, இன்றைக்கு ஆண்களுக்கும் கைகொடுக்கிறது. யோகாசனம் பழகியவர்களுக்கு மூலபந்தம் தெரிந்திருக்கும். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. இறுக்குகிற இடம் ஏறக்குறைய ஒன்றுதான்.

செய்முறை எளிது. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயு பிரிய வருகிறது, அடக்க வேண்டும். அப்போது எந்த இடத்தை உள்ளே இழுப்போமோ, அந்தத் தசையை மட்டும் இறுக்கி ஐந்து எண்ணும் வரை பிடியுங்கள். ஐந்து எண்ணும் வரை விடுங்கள். இப்படிப் பத்து தடவை. காலை, மதியம், இரவு மூன்று வேளை. முதலில் படுத்துக்கொண்டு, பிறகு உட்கார்ந்து, பிறகு நின்றுகொண்டு. மூச்சை அடக்கக் கூடாது. வயிறும் தொடையும் இறுகக் கூடாது. டியூப் இருக்கும்போது செய்யவே கூடாது. எடுத்த பிறகு, சர்ஜனிடம் கேட்டு ஆரம்பியுங்கள். இருமல் வரும்போதும், எழுந்திருக்கும்போதும் முன்கூட்டியே ஒரு தடவை இறுக்கிக்கொண்டால் சொட்டாது. பலன் தெரிய ஆறு வாரத்தில் இருந்து மூன்று மாசம் ஆகும். பத்து நாளில் விட்டுவிடாதீர்கள்.

சிலர் சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகுகிறார்கள். அது தவறு. அடக்கக் கூடாத பதினான்கு வேகங்களில் சிறுநீரையும் ஒன்றாகச் சித்த மருத்துவம் வைத்திருக்கிறது. 'நோயில்லா நெறி' பாடத்தில் நாங்கள் படித்த அந்தப் பழைய விதியும், இன்றைய சிறுநீரக மருத்துவர்கள் சொல்வதும் இந்த இடத்தில் ஒத்துப்போகின்றன.

அதுவரைக்கும்? மருந்துக் கடைகளில் பெரியவர்களுக்கான பேடு கிடைக்கிறது. வாங்கி வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போங்கள், கோயிலுக்குப் போங்கள். பையில் ஒரு மாற்று உடுப்பு இருக்கட்டும். மூக்குக் கண்ணாடி போட வெட்கப்படுகிறோமா என்ன?

தம்பதிகளுக்கு ஒரு வார்த்தை

கேட்கத் தயங்குகிற கேள்வி ஒன்று உண்டு. நானே சொல்லிவிடுகிறேன். தாம்பத்யத்துக்கு ஆறு வாரம் பொறுக்க வேண்டும். சாதாரண ஆபரேஷன் ஆன பலருக்கு அதன் பிறகு விந்து வெளியே வராது. பின்பக்கமாகப் பைக்குள் போய்ச் சிறுநீரோடு வெளியேறிவிடும். இதனால் உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஆண்மை போய்விட்டது என்று அர்த்தமும் இல்லை. குழந்தை வேண்டும் என்று இருப்பவர்கள் மட்டும் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் பேச வேண்டும். முழுச் சுரப்பியையும் எடுத்தவர்களுக்கு விறைப்புத் தன்மை திரும்ப மாசக்கணக்கில், சிலருக்கு இரண்டு வருஷம்வரைகூட ஆகலாம். அதற்கு முறையான சிகிச்சை இருக்கிறது. சர்ஜனிடமே கேளுங்கள்.

இதைச் சொல்ல ஆள் இல்லாததால்தான் லாட்ஜில் ரூம் எடுத்துத் தங்கும் 'வைத்தியர்'களிடம் போய் ஆயிரக்கணக்கில் பணத்தைக் கொட்டுகிறார்கள். என் தொழிலின் பெயரைச் சொல்லித்தான் அவர்கள் பிழைக்கிறார்கள். எனக்குத்தான் கோபம் அதிகம்!

என் தொழிலைப் பற்றியும் சொல்ல வேண்டும்

நெருஞ்சில், சிறுபீளை, மூக்கிரட்டை எல்லாம் நீர் பிரிக்கும் மூலிகைகள். அவற்றுக்கு ஓர் இடம் உண்டு. ஆனால் உள்ளே பச்சைப் புண் இருக்கும்போது அந்த இடம் இல்லை. முதல் ஆறு வாரம் லேகியம், கஷாயம், செந்தூரம் எதுவும் சர்ஜனுக்குத் தெரியாமல் வேண்டாம். குறிப்பாக, இதயத்துக்காக ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர்கள். அந்த மாத்திரையை எப்போது மறுபடி தொடங்குவது என்பதும் சர்ஜன் சொல்ல வேண்டியது. நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம். மலச்சிக்கலுக்கு அவர்கள் தரும் மருந்தே போதும். நிலாவரை போட்ட கடும் பேதி மருந்து கூடவே கூடாது. ஆறு வாரம் கழித்து வாருங்கள், சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். அப்போது பேசலாம். வரும் நோயாளியை வேண்டாம் என்கிறானே என்று என் சகாக்கள் கோபிக்கலாம். அண்ணன் மூச்சு வாங்கிய அந்த விடியற்காலையை அவர்கள் பார்க்கவில்லை.

உடனே ஓட வேண்டிய அறிகுறிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். சிறுநீர் அடியோடு வராமல் நின்றுவிடுவது. தக்காளிச் சாறு மாதிரி கெட்டியான ரத்தம், கட்டிகளோடு போவது. 101 டிகிரிக்கு மேல் குளிர்காய்ச்சல். விரையில் வீக்கம், வலி. ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது. மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி. கடைசி இரண்டுக்கும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்தக் காலில் தைலம் தேய்க்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. உள்வழியாகச் செதுக்கியவர்களுக்குச் சுரப்பியின் வெளிப்பகுதி அப்படியே இருக்கும். பின்னாளில் அதில் புற்று வர வாய்ப்பு இல்லாமல் இல்லை. 'அதான் எடுத்தாச்சே' என்று இருந்துவிடாமல், டாக்டர் சொல்லும் காலத்தில் பரிசோதனைக்குப் போங்கள்.

கடைசியாக...

அந்தச் சனிக்கிழமை, தம்பதியை எதிர் எதிரே உட்கார வைத்தேன். "சார், உள்ளதை நீங்களே அம்மாகிட்ட சொல்லிருங்க" என்றேன். ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுச் சொன்னார். அந்த அம்மா ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, "இதுக்கா இத்தனை நாளு உம்முன்னு படுத்துக் கெடந்தீக? நாலு புள்ள பெத்தவ நான். எனக்கு இது தெரியாதா?" என்றார். அவர் சிரித்துவிட்டார்.

போன வாரம் போன் செய்தார்கள். கசிவு இன்னும் முழுசாக நிற்கவில்லை. ஆனால் மைதானத்தில் இரண்டு சுற்று நடக்கிறாராம். கூடவே அந்த அம்மாவும் நடக்கிறார்களாம், முட்டுவலி குறைந்திருக்கிறதாம்!

என் அண்ணன் எழுபதைத் தாண்டிவிட்டார். தினமும் காலையில் நெல்லையப்பர் கோயிலுக்கு நடந்துதான் போகிறார். பக்கத்தில் நான் மெதுவாக நடந்தால், "என்னலே, டிரில் கிளாஸுக்கு மட்டம் போட்ட பயலாட்டம் வாரே" என்று அதட்டுகிறார். மதினி அந்தத் தைலத்தைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

வீட்டுக்காரம்மாக்களே, பிள்ளைகளே! ஆபரேஷன் ஆன மனிதருக்குக் கட்டிலுக்குக் காபி கொண்டு போகாதீர்கள். அடுக்களையில் வைத்துவிட்டு, "வாங்க, வந்து எடுத்துக்கோங்க" என்று ஒரு குரல் கொடுங்கள். அந்தப் பத்து அடியில் இருந்துதான் அவர் திரும்பி வர ஆரம்பிப்பார்.